தொங்கும் அந்த இரண்டு கைகள்: உயிரியல் பாடநூல் ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும் மேலாய்வாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் படம் வரைபவள். உயிரியல் நூல்களில் நீங்கள் எழுதும் பத்திக்குப் பக்கத்தில் வரும் கோட்டுப்படம், அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கோடுகள், கோட்டின் நுனியில் பாகத்தின் பெயர், இதுதான் இருபது ஆண்டுகளாக என் வேலை. உங்களில் சிலருக்கு என் கோடுகள் பழகியிருக்கும். என் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உடலுக்குள் ஓடு உள்ள கடல்வாழ் மெல்லுடலியான ஓட்டுக் கணவாயை இதுவரை நான்கு நூல்களுக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன். நான்கிலும் மேலாய்வில் ஒரு திருத்தம்கூட வரவில்லை. ஆனால் நான்குமே தவறான படங்கள். அந்தத் தவறில் என் பங்கு எவ்வளவோ அவ்வளவு உங்கள் பங்கும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு முறையும் எனக்கு வந்த குறிப்புத்தாள் ஒன்றேதான். "எட்டு கைகள், இரண்டு நீண்ட பற்றுகரங்கள், கண், துடுப்பு, புனல். வெட்டுத்தோற்றத்தில் ஓடு, மைப்பை, செவுள்கள். நிறம்: பழுப்பு." கூடவே ஒரு புகைப்படம் வரும், ஃபார்மலின் குப்பியில் இருக்கும் மாதிரி. வெளுத்த உடல், தலைக்குக் கீழே கொத்தாகக் கைகள், அவற்றுக்கு நடுவிலிருந்து இரண்டு நீளமான கயிறுகள் போலத் தொங்கும் பற்றுகரங்கள். அதைப் பார்த்து வரைந்தேன். பழுப்பு பூசினேன். கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் ஒரு காட்சியகத்தில் உயிருள்ள கணவாயின் தொட்டிக்கு முன்னால் உட்காரும் வாய்ப்பு கிடைத்தது. முதல் பத்து நிமிடம் தொட்டியில் எதுவும் இல்லை என்றே நினைத்தேன். மணல், நாலைந்து கற்கள், அவ்வளவுதான். அதில் ஒரு கல்லுக்குக் கண் இருந்தது. கண்ணைக் கண்டுபிடித்த பிறகும் உடல் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஓரத்தில் துடுப்பின் விளிம்பு மட்டும் நூலளவு அலைந்துகொண்டிருந்தது. பென்சிலை எடுத்துக் கைகளை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான். நான் நான்கு முறை வரைந்த அந்த நீளக் கைகள் இரண்டும் இல்லை. எதனிடமோ கடிபட்டு இழந்த விலங்கு போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பராமரிப்பவர் ஓர் இறாலை உள்ளே விட்டார். கல் எழுந்தது. எழும்போதே நிறம் மாறியது. மணல் நிறம் போய் உடலில் கரும்பட்டைகள் ஓடின. மேல்பக்கத்து இரண்டு கைகள் நெட்டாக உயர்ந்தன. அதுவரை பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இரண்டும் முன்னோக்கித் திரும்பின. இறாலுக்கு நேராக நின்று, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று தூரத்தைச் சரிசெய்துகொண்டது. கைகள் மெதுவாக விலகின. நடுவில் வெளிறிய நுனி இரண்டு எட்டிப் பார்த்தன. அடுத்து நான் பார்த்தபோது இறால் அதன் வாயருகே இருந்தது. இடையில் நடந்ததை என் கண் பிடிக்கவில்லை.

அந்த இரண்டு கைகளும் அதற்கு இருந்தன. கண்ணுக்குக் கீழே, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு பைகளுக்குள் மடிந்து கிடந்தன. இரை பிடிக்கும் அந்த ஒரு கணத்துக்குத்தான் அவை வெளியே வரும். வந்த வேகத்தில் திரும்பிவிடும். நிதானமாக நீந்தும் கணவாயிடம் அவற்றைப் பார்க்கவே முடியாது. செத்த பிறகு தசை தளரும்போதுதான் அவை வெளியே சரிந்து தொங்கும். இருபது ஆண்டுகளாக நான் வரைந்து கொடுத்ததும், நீங்கள் அச்சிட்டதும், பிள்ளைகள் பார்த்து வரைந்து மதிப்பெண் வாங்கியதும் ஒரு பிணத்தின் படம்.

கைகளைப் பற்றிய சின்ன விஷயம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடநூலில் கணவாயைப் பற்றி இருப்பதெல்லாம் அந்தப் படத்தைப் போலத்தான் இருக்கிறது. மூன்று இதயங்கள், ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோசயனின், மைப்பை, உள்ஓடு என்று வெட்டுமேசையில் கிடைப்பதெல்லாம் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது அது என்ன செய்கிறது என்பது இல்லை.

முதலில் நிறம். "நிறம்: பழுப்பு" என்று எனக்கு எழுதி அனுப்புகிறீர்கள். கணவாயின் தோலில் நிறமிப்பைகள் நிறைந்திருக்கின்றன. சதுர மில்லிமீட்டருக்கு 200 வரைகூட இருக்கும். மஞ்சள், செம்மஞ்சள், கரும்பழுப்பு என்று அவற்றில் வகை உண்டு. ஒவ்வொன்றும் ரப்பர் போல விரியக்கூடிய ஒரு குட்டிப் பை. அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலத் தசைநார்கள். தசை இழுத்தால் பை தட்டையாக விரிந்து நிறம் தெரியும். விட்டால் சுருங்கி ஊசிமுனைப் புள்ளியாகிவிடும். இந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்தே நரம்பு வருகிறது. பச்சோந்தி நிறம் மாறக் கொஞ்சம் நேரமாகும். கணவாய்க்கு ஒரு விநாடிகூட வேண்டாம், ஏனென்றால் அது நாம் விரலை மடக்குவதைப் போன்ற தசை வேலை. நிறமிப்பைகளுக்கு அடியில் ஒளியைத் திருப்பியனுப்பும் செல்களும், வெண்மை காட்டும் செல்களும் தனித்தனி அடுக்காக உள்ளன. பச்சையும் நீலமும் அங்கிருந்துதான் வருகின்றன. இதற்கும் மேலே, வழவழப்பாக இருக்கும் தோலைக் கூம்பு கூம்பாக எழுப்பிப் பாசி படிந்த கல்லாகவும் காட்டும்.

இந்த விலங்குக்கு எந்த நிறம் பூசுவது? செத்ததும் நிறமிப்பைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உடல் வெளுத்துவிடுகிறது. குப்பியில் இருப்பதற்கு ஒரு நிறம் சொல்லலாம். உயிரோடிருப்பதற்குச் சொல்ல முடியாது.

இவ்வளவு நிறம் காட்டும் கணவாய்க்கு நிறம் தெரியாது என்பதை எத்தனை நூல்கள் சொல்கின்றன? அதன் விழித்திரையில் இருப்பது ஒரே வகை ஒளிநிறமி. 2006இல் ஓர் ஆய்வுக்குழு நீலமும் மஞ்சளும் மாறிமாறி வரும் சதுரங்கக் கட்டங்களின்மேல் கணவாய்களை விட்டது. கணவாயின் கண்ணுக்கு இரண்டும் ஒரே பிரகாசமாகத் தெரியும்படி அந்தக் கட்டங்கள் அமைக்கப்பட்டிருந்தன. நமக்குக் கண்ணைப் பறிக்கும் கட்டம். கணவாய்க்கோ வெறும் தரை. கட்டமே இல்லாத தரையில் காட்டும் ஒரே சீரான தோலைத்தான் அது காட்டியது. கறுப்பு வெள்ளைக் கட்டமாக இருந்தால் கதை வேறு. கட்டம் மிகப் பொடியாக இருந்தால் சீரான தோல், சற்றுப் பெரிதானால் புள்ளிப் புள்ளியாக ஒரு கலவை, தன் முதுகில் இருக்கும் வெள்ளைச் சதுரத்தின் அளவுக்குக் கட்டம் வந்துவிட்டால் உடலையே துண்டு துண்டாகக் காட்டும் பெரிய வெள்ளை, கறுப்புப் பட்டைகள். தரையில் இருப்பதை அது அப்படியே நகலெடுப்பதில்லை. கட்டத்தின் அளவை, பிரகாசத்தை, விளிம்பைக் கண்ணால் எடைபோட்டு, தன்னிடம் உள்ளவற்றில் எது பொருந்தும் என்று தேர்கிறது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் கணவாயின் தோலைப் படம்பிடித்து, பல்லாயிரக்கணக்கான நிறமிப்பைகளை ஒவ்வொன்றாகக் கணினியால் பின்தொடர்ந்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் என்னை நிறுத்திவைத்த செய்தி ஒன்று உண்டு. புதிதாக முளைக்கும் நிறமிப்பை முதலில் மஞ்சளாக இருக்கிறது. நாளாக நாளாக இருண்டு கரும்பழுப்பாகிறது. விலங்கு வளர வளர இடையிடையே புது மஞ்சள் புள்ளிகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அதே நிறுவனத்தின் 2023 ஆய்வு, கணவாய் ஒரு புதுத் தரைக்கு வந்ததும் சரியான தோற்றத்துக்கு ஒரே பாய்ச்சலில் போவதில்லை என்று காட்டியது. கொஞ்சம் மாறும், நிற்கும், திருத்தும், மறுபடி மாறும். ஓவியம் வரைபவர்களுக்கு இந்த நடை நன்றாகத் தெரியும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் நான்கு படங்களிலும் கண்மணி வட்டம். வெளிச்சத்தில் கணவாயின் கண்மணி ஆங்கில டபிள்யூ எழுத்தைப் போல வளைந்த பிளவாக இருக்கும். இருட்டில்தான் அகன்று வட்டமாகும். நம் கண்ணில் நரம்பு வெளியேறும் இடத்தில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கணவாயின் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்குப் பின்னாலிருந்தே கிளம்புவதால் அது கிடையாது. நிறம் தெரியாத அந்தக் கண்ணுக்கு நமக்குத் தெரியாத ஒன்று தெரியும்: தளவிளைவுற்ற ஒளி, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி. வெள்ளி போல மின்னித் தண்ணீரில் மறையும் மீனையும், கண்ணாடி போன்ற இறாலையும் அது கண்டுபிடிப்பதற்கு இது உதவுகிறது.

2020இல் ட்ரெவர் வார்டில் குழுவினர் கணவாய்களுக்கு ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலமாக முப்பரிமாணக் கண்ணாடி மாட்டி, திரையில் இறாலைக் காட்டினார்கள். இரண்டு கண்ணுக்கும் போகும் பிம்பங்களைச் சற்றே விலக்கிவைத்தபோது, இறால் திரைக்கு முன்னாலோ பின்னாலோ இருப்பதாகக் கணக்கிட்டு, அதற்கேற்ப நகர்ந்து நின்று கணவாய் தாக்கியது. இரண்டு கண் பார்வையையும் ஒப்பிட்டுத் தூரம் அளக்கும் திறன் அதற்கும் இருக்கிறது. தொட்டிக்கு முன்னால் நான் பார்த்த அந்த "கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே" என்ன என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இனி, உங்கள் எழுத்தில் என்னை மிகவும் உறுத்தும் சொல்லுக்கு வருகிறேன். "கீழ்நிலை விலங்குகள்." முதுகெலும்பற்றவை என்ற தலைப்புக்குக் கீழே முதல் பத்தியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதுகெலும்பு இல்லை என்பது உடலமைப்பைப் பற்றிய செய்தி. கீழ்நிலை என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எந்தச் சான்றை வைத்து எழுதுகிறீர்கள்?

அலெக்ஸாண்ட்ரா ஷ்னெல் குழுவினர் 2021இல் வெளியிட்ட சோதனை இது. ஆறு கணவாய்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு அறைகள். ஒன்றில் உடனே கிடைக்கும் இறால் துண்டு, அவ்வளவாகப் பிடிக்காத உணவு. மற்றொன்றில் உயிருள்ள குட்டி இறால், மிகவும் பிடித்தது, ஆனால் கதவு திறக்கக் காத்திருக்க வேண்டும். துண்டைத் தின்றால் உயிருள்ளது கைவிட்டுப் போகும். கணவாய்கள் காத்திருந்தன. 50 விநாடியிலிருந்து 130 விநாடி வரை. காத்திருந்தபோது சில, கண்ணெதிரே இருந்த துண்டிலிருந்து உடலைத் திருப்பிக்கொண்டன. அதிக நேரம் காத்திருக்க முடிந்த கணவாய்கள், வேறொரு கற்றல் சோதனையிலும் முந்தி நின்றன. காத்திருந்தால் பயன் இல்லை என்று தெரிந்த சூழலில் அவை காத்திருக்கவுமில்லை.

பிரான்சில் கேன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2020இல் காட்டியது இன்னும் எளிமையானது. பகலில் நண்டு கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு மாலையும் தவறாமல் இறால் கிடைத்தது. மற்றொரு குழுவுக்குச் சில மாலைகளில் மட்டும், முன்கூட்டியே சொல்ல முடியாதபடி. மாலையில் இறால் நிச்சயம் என்று கற்றுக்கொண்டவை பகலில் நண்டைக் குறைத்துக்கொண்டன. நிச்சயமில்லாதவை கிடைத்த நண்டை எல்லாம் தின்றன. ஏற்பாட்டை மாற்றியபோது அவையும் பழக்கத்தை மாற்றிக்கொண்டன. நாளை வரை யோசிக்கும் விலங்கு என்று நான் எழுதச் சொல்லவில்லை. மாலை வரை யோசிக்கும் விலங்கு என்று எழுதலாம் அல்லவா?

எதை, எங்கே, எப்போது தின்றோம் என்பதைச் சேர்த்து நினைவில் வைக்கும் திறன் கணவாய்க்கு உண்டு என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. வயதாகும்போது அந்த நினைவு மங்குகிறதா என்று 2021இல் சோதித்தார்கள். ஏறக்குறைய 2 ஆண்டுதான் கணவாயின் ஆயுள். 10 முதல் 12 மாதமான இளையவற்றையும் 22 முதல் 24 மாதமான கிழங்களையும் சேர்த்து 24 கணவாய்கள். தசை வலு குறைந்த அந்தக் கிழங்கள் இளையவற்றுக்குச் சமமாக நினைவு வைத்திருந்தன. நமக்கு முதலில் கைவிட்டுப் போவது அந்த வகை நினைவுதான்.

முட்டைக்குள் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்க் கணவாய் முட்டைகளைக் கொத்தாகக் கட்டிவைத்துவிட்டுப் போய்விடும். ஐரோப்பியக் கடல்களில் வாழும் செபியா அஃபிசினாலிஸ் தன் மையைச் சேர்த்து முட்டைகளைக் கறுப்பாக்குகிறது, அதனால் திராட்சைக் குலை போலவே இருக்கும். பொரிக்கும் காலம் நெருங்கும்போது முட்டை ஊதி, உறை மெலிந்து, உள்ளிருக்கும் கருவுக்கு வெளியே இருப்பது தெரியத் தொடங்குகிறது. 2008இல் வெளியான ஆய்வில் அந்தக் கடைசி நாட்களில் முட்டைக்கு வெளியே நண்டுகளை விட்டார்கள். பொரிந்து வந்த குஞ்சுகள், வழக்கமாக இறாலை நாடும் இனமாக இருந்தும், நண்டை நாடின. பிறக்குமுன் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கின்றன. சொல்லிக்கொடுக்கப் பெற்றோர் யாரும் இல்லாத குஞ்சு அது. ஒரு சென்டிமீட்டர்கூட இராது. ஆனாலும் வந்த நாளிலிருந்தே தோல் மாற்றி ஒளியும்.

தற்காப்பு என்றால் "மை பீய்ச்சித் தப்பிக்கும்" என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். மை கடைசி வழி. அதற்கு முன்னால் எவ்வளவோ இருக்கிறது. வருவது யார் என்று பார்த்தே கணவாய் என்ன செய்வது என்று முடிவு செய்கிறது. கண்ணை நம்பி வேட்டையாடும் சிறிய மீன் வந்தால், உடலைத் தட்டையாக்கி, வெளிறி, முதுகில் இரண்டு கரிய கண்பொட்டுகளைக் காட்டி மிரட்டும். மோப்பத்தை நம்பி வரும் நாய்ச்சுறாவிடமும் நண்டிடமும் அந்தக் காட்சியை நடத்துவதில்லை, நேரே ஓட்டம்தான். இதை 2007இல் வெளியிட்டார்கள். சுறாக்களுக்கு இரையின் உடலிலிருந்து கசியும் மின்புலத்தை உணரும் திறன் உண்டு. பெரிய வேட்டை விலங்கின் நிழல் நெருங்கும்போது கணவாய் அசையாமல் நின்று, மூச்சை மெதுவாக்கி, மின்புலம் கசியும் உடல் திறப்புகளைக் கைகளால் மூடிக்கொள்கிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. கண்ணுக்கு மட்டுமல்ல, மின்னுணர்வுக்கும் ஒளிந்துகொள்கிறது.

மையைப் பற்றி நான் எழுதாமல் இருக்க முடியாது, அது என் தொழிலின் பொருள். செபியா என்ற நிறத்தின் பெயரே கணவாயின் கிரேக்கப் பெயர்தான். பழைய ஓவியர்கள் அதன் மையைத் தொட்டுத்தான் வரைந்தார்கள். அதில் இருப்பது மெலனின், நம் முடியிலும் தோலிலும் இருக்கும் அதே குடும்பத்துப் பொருள். ஜுராசிக் காலத்துத் தலைக்காலிகளின் (கணவாய் வகைகள் அடங்கிய மெல்லுடலிக் குழு) புதைபடிவ மைப்பைகளை 2012இல் சோதித்தவர்கள், 16 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்த மெலனினுக்கும் இன்றைய கணவாயின் மெலனினுக்கும் வேறுபாடு காண முடியாத அளவுக்கு ஒற்றுமை இருப்பதைக் கண்டார்கள்.

இனப்பெருக்கம் என்ற தலைப்பில் "ஆண், பெண் தனித்தனி" என்று முடித்துவிடுகிறீர்கள். தென் ஆஸ்திரேலியாவில் ஸ்பென்சர் வளைகுடாவில், வையாலா என்ற ஊருக்குப் பக்கத்துக் கடலில், ஒவ்வொரு ஆண்டும் மே முதல் ஆகஸ்டு வரை செபியா அபாமா என்ற ராட்சதக் கணவாய்கள் ஆயிரமாயிரமாகக் கூடுகின்றன. ஒரு பெண்ணுக்குப் பல ஆண்கள் இருக்கும் கூட்டம். பெரிய ஆண் தன் துணையைக் காவல் காக்கும். சின்ன ஆணால் சண்டையில் வெல்ல முடியாது. அது கைகளை ஒடுக்கி, பெண்ணின் புள்ளித் தோலைப் போட்டுக்கொண்டு, முட்டையிடப் போகும் பெண்ணைப் போலவே உடலை வைத்துக்கொண்டு காவல்காரனைத் தாண்டிப் பெண்ணிடம் போய்விடுகிறது. அப்படிப் போனவை உண்மையிலேயே தந்தையாகின்றன என்பதை மரபணுச் சோதனையோடு 2005இல் வெளியிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் வாழும் செபியா பிளாங்கான் இன்னும் ஒரு படி மேலே. கல்ம் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் விவரித்த காட்சியை நான் எத்தனையோ முறை வரைந்து பார்த்திருக்கிறேன். நடுவில் ஓர் ஆண். அதன் ஒரு பக்கம் பெண், மறுபக்கம் போட்டிக்கு வந்த இன்னோர் ஆண். நடுவில் இருப்பது பெண் இருக்கும் பக்கத்து உடலில் ஆணின் காதல் கோலத்தைக் காட்டுகிறது. அதே நேரத்தில் மறுபக்கத்து உடலில் பெண்ணின் கோலத்தைக் காட்டுகிறது. போட்டியாளன் பார்வைக்கு அங்கே நீந்துவது இரண்டு பெண்கள். முதுகின் நடுக்கோட்டில் நிறம் சரியாகப் பிரிந்து நிற்கிறது. எதிரே ஒரே ஒரு போட்டியாளன் இருந்து, ஒரே ஒரு பெண் இருக்கும்போதுதான் இதைச் செய்கிறது. போட்டிக்கு இரண்டு பேர் வந்துவிட்டால் இரண்டு கோணத்திலிருந்தும் மறைக்க முடியாது, செய்வதுமில்லை. இதைச் சொல்ல ஒரு பத்தி போதும், ஒரு சின்னப் படம் போதும். உங்கள் நூலில் இருக்கும் எந்தப் படத்தைவிடவும் மாணவர் அதை நெடுநேரம் பார்ப்பார்.

ஓட்டைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். சில நூல்களில் அதை "எலும்பு" என்று குறித்திருக்கிறார்கள், நானும் ஒரு படத்தில் அப்படியே பெயர் எழுதினேன். அது எலும்பு அல்ல, நத்தைக்கும் சிப்பிக்கும் வெளியே இருக்கும் ஓடுதான் இங்கே உள்ளே போயிருக்கிறது. நம் மொழி இதில் சரியாக இருக்கிறது. ஊசிக் கணவாய் வேறு, பேய்க் கணவாய் வேறு, ஓட்டுக் கணவாய் வேறு என்று கடலில் தொழில் செய்பவர்கள் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். கரை ஒதுங்கும் அந்த வெள்ளை ஓட்டுக்குக் கடல்நுரை என்று பெயர். இந்தச் சொற்களை விட்டுவிட்டுக் "கணவாய் மீன்" என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதால், மெல்லுடலி ஒன்றை மீன் என்று நினைத்துக்கொண்டே மாணவர் தேர்வுக்குப் போகிறார். பேச்சில் எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும், பாடத்தில் ஓட்டுக் கணவாய் என்றே எழுதுங்கள்.

அந்த ஓடு செய்யும் வேலையையும் ஒரு வரியில் சேர்த்தால் நன்றாயிருக்கும். உள்ளே அடுக்கடுக்காக மெல்லிய அறைகள், பெரும்பகுதி வெற்றிடம். அறைகளிலிருந்து திரவத்தை வெளியே இழுத்தும் உள்ளே விட்டும் கணவாய் தன் மிதப்பை மாற்றிக்கொள்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுவதைப் போல அல்ல. இங்கே திரவம் உப்பின் இழுப்பால் வெளியேறுகிறது, காலி இடத்தில் வாயு பின்னால் மெதுவாகக் கசிந்து சேர்கிறது. அதனால் அந்த வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடவும் குறைவு. பிளிமத் ஆய்வகத்தில் எரிக் டென்டனும் ஜான் கில்பின்-பிரவுனும் 1961இல் இதை வெளியிட்டார்கள். பகலில் மணலில் புதைந்திருக்கும்போது உடல் கனக்கிறது, இரவில் வேட்டைக்கு எழும்போது இலேசாகிறது என்பதையும் அவர்கள்தான் காட்டினார்கள்.

நான் கணவாயை மனிதனாக்கச் சொல்லவில்லை. அது காத்திருப்பதை நம் பொறுமை என்றும், அதன் கோலத்தை நம் பொய் என்றும் எழுதினால் அதுவும் ஒரு தவறான படமாகிவிடும். தூங்கும்போது அதன் கண்கள் துடிக்கின்றன, கைகள் சிலிர்க்கின்றன, தோலில் நிறங்கள் ஓடுகின்றன என்று 2012இல் பதிவு செய்தார்கள். கனவு காண்கிறதா என்பதற்கு அவர்கள் விடை சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம். கண்டதைக் கண்டபடி எழுதினாலே போதும்.

நீங்கள் எழுதும் சொல் வகுப்பறையோடு நிற்பதில்லை. உங்கள் நூலைப் படித்தவர்தான் பின்னாளில் ஆய்வகத்தில் விலங்குகளைக் கையாள்கிறார், விதிமுறை எழுதும் குழுவில் உட்காருகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஆய்வு விலங்குகளுக்கான பாதுகாப்பு ஆணையை இயற்றியபோது, முதுகெலும்பற்றவற்றில் தலைக்காலிகளை மட்டும் அதற்குள் கொண்டுவந்தது. பிரிட்டன் 2022இல் விலங்குகளின் உணர்திறனை ஏற்கும் சட்டத்தில் தலைக்காலிகளையும், நண்டு இறால் வகைகளையும் சேர்த்தது. வலி உணரக்கூடும் என்ற சான்றுகளை எடைபோட்ட பிறகு எடுத்த முடிவுகள் இவை. பாடநூலில் "கீழ்நிலை" என்று படித்துவிட்டு வருகிறவருக்கு இந்தச் சட்டங்கள் ஏன் வந்தன என்றே புரியாது.

அடுத்த பதிப்புக்கு நீங்கள் கணவாய்ப் படம் கேட்கும்போது, பழைய நான்கில் ஒன்றை எடுத்துத் தர எனக்கு மனமில்லை. புதிதாக வரைகிறேன், அதற்குக் கூலி வேண்டாம். பக்கத்தில் கூடுதலாக நான்கு விரற்கிடை இடம் மட்டும் ஒதுக்குங்கள். ஒரே விலங்கு மூன்று தரையில்: மணல், கூழாங்கல், கட்டம். பக்கத்தில் இறாலை நோக்கி நிற்கும் ஒன்று, கண்கள் முன்னோக்கி, கைகள் விலகி. வாய்ப்பிருந்தால் அந்த இருபுற வேடமும். கண்மணியை இம்முறை சரியாக வரைவேன். குறிப்புத்தாளில் நிறத்துக்கு எதிரே இருக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

பாகங்கள் குறிக்கும் படமும் இருக்கும், அது தேவைதான். அதில் பற்றுகரங்களுக்கு நான் இழுக்கும் கோடு கண்ணுக்குக் கீழே வெறும் தோலில் போய் நிற்கும். மேலாய்வில் அதைப் பார்த்து, கை விடுபட்டிருக்கிறது என்று யாரும் திருத்தம் போட்டுவிடாதீர்கள். கோட்டின் நுனியில் "பற்றுகரம், பைக்குள்" என்று அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களுக்குப் படம் வரைபவள்